புளியங்கொட்டையும் சின்ன விரலும்: நம் வீட்டு விளையாட்டுகளின் வரலாறு



நம் கூட்டமைப்பின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். சேமிப்பு, கடன், தொழில் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் வேறு ஒன்றை எழுதுகிறேன். நாம் கூட்டம் போடும்போது மூலையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் பற்றி.

குழு தொடங்கிய காலத்தில் கூட்டம் என்றாலே ஒரே சத்தமாக இருக்கும். இந்தப் பக்கம் நாம் சந்தா வசூலிப்போம், அந்தப் பக்கம் பிள்ளைகள் மண்ணைக் கிளறும். ஊக்குநராக இருந்த நான் பாதி நேரம், "ஏ, சும்மா இருங்கடா" என்று கத்திக்கொண்டிருப்பேன். இப்போது கூட்டம் அமைதியாக நடக்கிறது. பிள்ளை அழுதால் கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம். சத்தமே இல்லை. நல்லதுதானே என்று நானும் நினைத்தேன்.

போன வருஷம் ஒரு கூட்டத்தில், நாலு வயதுப் பையன் ஒருவன் தன் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் அம்மாவிடம் வந்து நின்றான். போனில் வேண்டிய படத்தை அவனே தேடி எடுக்கிறான். பொத்தானைப் பிடிக்க மட்டும் விரல் வரவில்லை. அன்றைக்கு வந்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர், நாங்கள் எல்லாரும் ஆச்சி என்று கூப்பிடுகிறவர், மடியிலிருந்து ஒரு கை புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் போட்டார். "வாடா ராசா, ஒத்தையா ரெட்டையா விளையாடுவோம்" என்றார். கூட்டம் முடியும் வரை அவன் போனைக் கேட்கவில்லை.

இந்த விளையாட்டெல்லாம் எப்போது வந்தது, யார் சொல்லிக் கொடுத்தது என்று அன்றைக்கு யோசித்தேன். பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் சேர்த்ததுதான் இந்தக் கட்டுரை.

இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்

நம் சங்கப் பாட்டுகளில் போரும் காதலும் மட்டும் இல்லை, பிள்ளைகள் விளையாட்டும் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. வீட்டு முற்றத்தில் உணவு காய்கிறது. அதைக் கொத்த வந்த கோழியை விரட்ட, வீட்டுப் பெண் தன் காதணியைக் கழற்றி எறிகிறாள். அந்த நகை தரையில் கிடந்து, சின்னப் பையன் உருட்டி வரும் மூன்று சக்கரத் தேரை மறிக்கிறது. ஊரின் செல்வத்தைக் காட்டத்தான் புலவர் இதைச் சொன்னார். நான் கவனித்தது அந்த மூன்று சக்கரத்தை. நம் நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தானே!

குறுந்தொகையில் ஒரு பாட்டு, தச்சன் செய்து கொடுத்த சிறு தேரில் ஏறி ஊர்வலம் போக முடியாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே பிள்ளைகள் இன்பம் காண்பதைப் பேசுகிறது. பிள்ளைக்குச் சாமான் பெரிதல்ல, இழுப்பதுதான் சுகம் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

பெண் பிள்ளைகள் மணலில் சிறு வீடு கட்டி விளையாடியதைச் 'சிற்றில்' என்றார்கள். கழற்சிக்காயைத் தூக்கிப் போட்டுப் பிடித்து ஆடியதைக் 'கழங்கு' என்றார்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் பொன்னால் செய்த கழங்கை வைத்து ஆடியதாகப் புறநானூறு சொல்கிறது. நமக்குப் பொன்னும் வேண்டாம், கழற்சிக்காயும் வேண்டாம். ஆற்றில் பொறுக்கிய ஐந்து கல் போதும். நாம் அஞ்சாங்கல் ஆடும்போது கை செய்யும் வேலையும் அதேதான்.

சிவகங்கை மாவட்டம் கீழடியில் தோண்டியபோது, சுடுமண்ணால் ஆன வட்டச் சில்லுகளும் பகடைக்காய்களும் கிடைத்தன. உடைந்த பானை ஓட்டை உரசி வட்டமாக்கினால் சில்லு தயார். நாம் பாண்டி ஆடத் தேடிய ஓட்டுச் சில்லு போலவே அவையும் இருக்கின்றன.

பிள்ளைத்தமிழ் என்னும் வளர்ச்சி அட்டவணை

அங்கன்வாடியில் குழந்தை வளர்ச்சி அட்டவணை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த மாதத்தில் தலை நிற்கும், எப்போது தவழும், எப்போது நடக்கும் என்று படம் போட்டிருக்கும். நம் தமிழில் அப்படி ஓர் அட்டவணை பாட்டாகவே இருக்கிறது. அதுதான் பிள்ளைத்தமிழ்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம். மரபுப்படி ஐந்தாம் மாதம் அளவில் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையைத் தூக்கிக் குழந்தை அசைந்தாடும் நிலை இது. கழுத்தும் தோளும் இடுப்பும் உறுதிப்படும் காலம். ஒன்பதாம் மாதம் அளவில் சப்பாணி. இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவது. வலக்கையும் இடக்கையும் உடம்புக்கு நடுவே வந்து சேர்வது குழந்தைக்குப் பெரிய பாடம். ஒரு வயதைத் தாண்டியதும் வாரானை. 'வா வா' என்று கையை நீட்டிக் கூப்பிட, தள்ளாடி நடந்து வருவது. கடைசி மூன்று பருவங்கள் ஆண் பிள்ளைக்குச் சிறுபறை கொட்டுதல், சிற்றில் சிதைத்தல், சிறுதேர் உருட்டுதல். பெண் பிள்ளைக்கு அம்மானை அல்லது கழங்கு, நீராடல், ஊசல்.

பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிச் செங்கீரையும் சப்பாணியும் தளர்நடையும் பாடினார். 12-ம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். 17-ம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பெண் குழந்தையாக்கிப் பாடினார். பாடப்பட்டவர்கள் தெய்வமும் அரசனும். பாடியவர்கள் ஆண்கள். ஆனால் எந்த மாதத்தில் குழந்தை கை தட்டும், எப்போது எட்டு வைக்கும் என்பதைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் யார்? அடுப்படியிலும் தொட்டில் பக்கத்திலும் இருந்த பெண்கள். அவர்கள் பெயர் எந்தச் சுவடியிலும் இல்லை. அந்த அறிவு மட்டும் நம் கை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தேரும் பறையும் ஆண் பிள்ளைக்கு, அம்மானையும் ஊஞ்சலும் பெண் பிள்ளைக்கு என்று அன்றே பிரித்துவிட்டார்கள். நாம் வளர்ந்த காலத்திலும் பொம்பளைப் புள்ள பம்பரம் விட்டால் திட்டு விழும். ஓடுவதற்கும் கால் வேண்டும், பிடிப்பதற்கும் கை வேண்டும். இரண்டும் இரண்டு பிள்ளைக்கும் வேண்டும். பழையதை எடுக்கும்போது இந்தப் பாகுபாட்டை விட்டுவிட்டு எடுப்போம்.

மெட்ராஸ் மணல் இங்கிலாந்து போன கதை

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் படித்ததை நம் தாத்தாக்கள் சொல்வார்கள். இந்த மணலுக்கு ஒரு கதை உண்டு.

1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். இங்குள்ள நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதையே தன் இல்லத்திலும் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் நடத்தினார். ஊருக்குத் திரும்பி 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அந்த முறைக்கு அங்கே 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. நம் ஊர் மணல் சீமைப் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தது.

மணலில் என்ன விசேஷம்? பென்சிலைப் பிடிக்கப் பலமில்லாத விரலுக்கும் மணல் இடம் கொடுக்கும். எழுத்தின் வளைவைக் கண்ணால் பார்ப்பதோடு விரலும் உணரும். தப்பானால் ஒரு தடவு தடவினால் போதும், அடி கிடையாது. கோலமும் அப்படித்தான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை எடுத்து, விடுவதா நிறுத்துவதா என்று விரலே முடிவு செய்கிறது. புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளி வைக்கும் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கத் தனியாகப் பயிற்சி அதிகம் வேண்டியிருக்காது.

வெளியூர்க்காரர்களும் கண்டுகொண்டார்கள்

ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் என்பவர் சிறு குழந்தைகளுக்குப் பந்து, உருளை, கட்டைகளைக் கொடுத்து விளையாட்டின் மூலம் கற்பித்தார். 1840-ல் தன் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்பதில் உள்ள 'கே.ஜி.' இதுதான். விளையாடத் தொடங்கிய கே.ஜி. இன்று வீட்டுப்பாடத்தில் வந்து நிற்பது வேறு கதை.

இத்தாலியில் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவர் 1907-ல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். தாய் தகப்பன் வேலைக்குப் போன பிறகு தெருவில் திரிந்த பிள்ளைகள் அவை. அவர் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை, பொத்தான் போடுவது, தண்ணீரை ஒரு கூஜாவிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, துடைப்பது, பெருக்குவது. சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவவும் வைத்தார். அறிவு கை வழியாகத்தான் உள்ளே போகிறது என்பது அவர் கண்டது.

அந்த அம்மா 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால், எதிரி நாட்டுக்காரர் என்று வெள்ளைக்கார அரசு அவரைக் கட்டுப்படுத்தியது. கொடைக்கானலிலும் தங்கி வேலை செய்தார். 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். அவர் நம்மிடமிருந்து கற்றார் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு மருத்துவர் ஆராய்ச்சி செய்து கண்டதும், இங்கே ஆச்சிமார் முற்றத்தில் கண்டதும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறது என்கிறேன்.

மாண்டிசோரியின் சாமான்கள் விலை கூடியவை. மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் என்ற பெண்மணி, ஏழைப் பிள்ளைகளுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும் என்று யோசித்தார். 1945-ல் போர்டி என்ற ஊருக்குப் போய், அங்கே கிடைக்கிற பொருள்களை வைத்தே பாலர் கல்வி நடத்தினார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளைகளின் முற்றத்துக்குப் போகும் என்றார். அந்த முற்றப் பள்ளிதான் அங்கன்வாடி. அங்கணம் என்றால் முற்றம். நம் ஊர் அங்கன்வாடியின் பெயருக்குள்ளேயே ஒரு முற்றம் இருக்கிறது.

1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. 1983-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 1989-ல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பிள்ளைக்குச் சோறு, தாய்க்குச் சேமிப்பு என்று அடுத்தடுத்து வந்த காலம் அது. நாமும் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

என் விரலின் கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் விரல் ரொம்ப வேகம். பாஸ் புத்தகம் எழுதுவதிலும் பூக்கட்டுவதிலும் என்னை யாரும் முந்த முடியாது என்று நீங்களே சொல்வீர்கள். அந்த வேகம் எனக்கு விளையாட்டில் மட்டும் வரவில்லை. ஏழு வயதில் தீப்பெட்டி வேலைக்குப் போனேன். பள்ளம் வெட்டிய சட்டத்தில் ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று விடிகாலையிலிருந்து அடுக்க வேண்டும். சின்ன விரல்தான் வேகமாக ஓடும் என்று எங்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். இந்தக் கரிசல் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் நிறையப் பேருக்கு இந்தக் கதை தெரியும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல்தான் வந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் எங்க ஆச்சி, "ஏ தாயி, வா, அஞ்சு கல்லு எடுத்து வச்சிருக்கேன்" என்பாள். விரல் வலிக்கிறது என்றாலும் விடமாட்டாள். அப்போது எனக்குப் புரியவில்லை. பகலில் என் விரல் யாருக்கோ ஓடியது. அந்த ஒரு மணி நேரம் எனக்காக ஓடட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். கல்லைப் பிடிக்காமல் தவறவிட்டால் சிரிப்புத்தான். குச்சியைத் தவறவிட்டால் கூலி குறையும். விளையாட்டுக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அதனால், 'பிள்ளைக்கு விரல் பழகட்டும்' என்று யாராவது பட்டாசு ஒட்டவும் பீடி சுற்றவும் உட்காரவைத்தால், அதை விளையாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னதும் நிறுத்த முடிந்தால்தான் அது விளையாட்டு.

எங்கே போயின இந்த விளையாட்டுகள்?

தாய்மாரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மண் முற்றம் சிமெண்டுத் தரை ஆயிற்று. உரலும் அம்மியும் போய் மிக்ஸி வந்தது, நம் முதுகுக்கு அது நல்லதுதான். ஆச்சி ஓர் ஊரில், பேரன் ஓர் ஊரில். நாமோ நூறு நாள் வேலை, மில் வேலை, கடை என்று ஓடுகிறோம். அந்த வெற்றிடத்தில் போன் வந்து உட்கார்ந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: இரண்டு வயதுக்குக் கீழே போன், டி.வி. பார்க்க வைக்கவே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒன்றிலிருந்து நாலு வயதுப் பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாடி அசைய வேண்டும்.

மூன்று மணி நேரம் என்று மலைக்க வேண்டாம். நம் வேலையோடு வேலையாகவே அது நடக்கும்.

கைக்குழந்தையை விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டு, எதிரே ஒரு கிலுகிலுப்பையை ஆட்டுங்கள், தலையைத் தூக்கும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். உட்காரும் பிள்ளைக்கு உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி அப்பாவுக்கு, ஆச்சிக்கு என்று பங்கு வையுங்கள். ஐந்து விரலும் தனித்தனி என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவரும். எழுந்து நிற்கும் பிள்ளைக்கு நடைவண்டி இல்லாவிட்டால் கவிழ்த்த பிளாஸ்டிக் கூடை போதும், தள்ளிக்கொண்டே வரும். இரண்டு வயதில் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும், சப்பாத்தி மாவை உருட்டட்டும், துணிக் கிளிப்பை வாளி விளிம்பில் மாட்டட்டும். மூன்று வயதுக்கு மேல் பல்லாங்குழி, ஒத்தையா ரெட்டையா, மணலில் எழுத்து, கோலப் புள்ளி. நாலு வயதில் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நடப்பது, நுங்கு வண்டி ஓட்டுவது. ஐந்தில் நொண்டி, பாண்டி, பெரிய கல்லில் தொடங்கி அஞ்சாங்கல்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பக்கத்தில் புளியங்கொட்டை, சோழி, பாசி எதுவும் வேண்டாம். வாயில் போடும், மூக்கில் ஏற்றும், மூச்சு அடைத்துவிடும். பெரிய பிள்ளைக்குக் கொடுத்தாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். அதுவும் கணக்குப் பாடம்தான். ஒன்றரை வயதாகியும் பிள்ளை நடக்கவில்லை என்றாலோ, ஒரு கையையே எப்போதும் மடக்கி வைத்திருந்தாலோ, 'பையன் மெதுவா வருவான்' என்று காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

தீர்மான நோட்டில் ஒரு பக்கம்

அந்தப் பையனின் கதையை முடிக்கவில்லையே. அன்றையிலிருந்து எங்கள் குழுவில் கூட்டத்துக்கு ஒரு கூடை வருகிறது. உள்ளே துணிப் பந்து, மூடியோடு காலி டப்பாக்கள், பழைய சட்டையிலிருந்து வெட்டிய பொத்தான் பட்டை, பல்லாங்குழிப் பலகை. ஒரு பைசா செலவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மூத்த உறுப்பினர் பிள்ளைகளோடு உட்காருகிறார். சத்தம் திரும்ப வந்துவிட்டது. வசூல் கணக்கு இரண்டு முறை தப்பியது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் தன் பொத்தானைத் தானே போட்டான், ஒன்று மேலே ஒன்று கீழே கோணலாக. அவன் அம்மா அவிழ்த்துச் சரி செய்யப் போனார். ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டார்: "விடு. அவன் போட்டது."

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில், தங்கள் மூத்த உறுப்பினர்களுக்குத் தெரிந்த வீட்டு விளையாட்டுகளை எழுதி வையுங்கள். எப்படி ஆடுவது, எத்தனை காய், எந்த வயதுக்கு என்று. சொன்னவர் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாயிரம் வருஷமாகப் பெயர் இல்லாமல் வந்த அறிவு இது. நம் நோட்டிலாவது பெயரோடு இருக்கட்டும்.